மர்யம் கட்டுன பள்ளிவாசல்: ஃபெஸ் ஊர்ல அஞ்சு நாள்

ஊருக்குத் திரும்பி பத்து நாளாச்சு, கெண்டைக்கால் வலி இன்னும் போகலை. அங்க ராத்திரி ராத்திரி படுக்கையில உக்காந்து போன்ல தட்டி வச்சதைத்தான் நாள் வாரியா இங்க போடுறேன். போனது மூணு பேரு, நான், எங்க லாத்தா, அதாவது அக்கா, அப்புறம் மச்சான். மச்சானுக்கு துபாய்ல வேலை, மொரோக்கோ போகணும்ங்கிறது அவங்களோட ரொம்ப வருஷத்து ஆசை. எனக்கு அந்த நாட்டுல ஒரே ஒரு இடம் பார்த்தா போதும்னு இருந்துச்சு, அது ஏன்னு வெள்ளிக்கிழமை வர்றப்ப சொல்றேன்.

நவம்பர் 13, புதன்

காசாபிளாங்காவுல இருந்து நாலு மணி நேரம் ரயில். ஃபெஸ்ல எறங்குறப்ப சாயங்காலம், பொடித் தூறல், காத்து எலும்புக்குள்ள போகுது. வட ஆப்பிரிக்கான்னா வெயில்னு நெனச்சு நான் ஒரே ஒரு ஸ்வெட்டர் எடுத்துட்டு வந்திருந்தேன், அஞ்சு நாளும் அதையேதான் போட்டேன். ஊருக்குள்ள ஓடுறது சின்ன சிவப்பு டாக்சி, மூணு பேருக்கு மேல ஏத்த மாட்டாங்க, நாங்க சரியா மூணு பேரு. ர்ஸீஃப் மைதானத்துல எறக்கி விட்டாரு, மீட்டர்ல 18 திர்ஹம், மச்சான் 20 குடுத்துட்டு நடக்க ஆரம்பிச்சா அந்த மனுஷன் பின்னாடியே வந்து மிச்சம் 2 திர்ஹத்தை கையில வச்சுட்டுத்தான் போனாரு. ஒரு திர்ஹம் அப்போ நம்ம காசுக்கு எட்டரை ரூவா பக்கம் இருந்துச்சு.

அதுக்கு மேல வண்டி போகாது. மதீனான்னு சொல்ற பழைய ஊருக்குள்ள மொத்தம் 9,000 சந்துங்கிறாங்க, எல்லாம் நடைதான், சாமான் போறது கோவேறு கழுதை முதுகுல இல்லன்னா தள்ளுவண்டியில. நாங்க ஒரு தள்ளுவண்டிக்காரர்கிட்ட 20 திர்ஹம் பேசி பெட்டியை ஏத்துனோம், போய்ச் சேர்ந்ததும் 50 கேட்டாரு, மழையில நனைஞ்சுக்கிட்டு ஒரு கால் மணி நேரம் பேச்சு, கடைசியில லாத்தாதான் "குடுத்துடுங்க, மேடு ஏத்தி வந்திருக்காரு, பாவம்"னு சொல்லி முடிச்சு வச்சாங்க. தங்குற இடத்துலயும் சிக்கல், ரெண்டு ரூம் பதிவு பண்ணிருந்தோம், ஒண்ணுதான் இருக்குன்னாங்க, பணம் ரெண்டுக்கும் கட்டியாச்சு. பேசிப் பார்த்தோம், நடு முத்தத்துக்கு மேல இருந்த மாடத்துல எனக்கு ஒரு கட்டில் போட்டுக் குடுத்தாங்க. குளிருதுன்னு சொன்னதும் அங்க வேலை பாக்குற பெரியவர் ஒருத்தர் தன்னோட கம்பளியைக் கொண்டுவந்து போட்டாரு, அதுக்கப்புறம் எனக்குக் கோவமே வரலை.

ராத்திரி சாப்பாடு தெருமுனைக் கடையில ஹரீரா. தக்காளி, கொண்டைக்கடலை, பருப்பு, கொத்தமல்லி எல்லாம் போட்டு கெட்டியா காய்ச்சுற சூப்பு, கிண்ணம் 8 திர்ஹம், கூட ரெண்டு பேரீச்சம்பழம். ஒரு வாய் வச்சதும் லாத்தா என்னைப் பார்த்தாங்க, நான் அவங்களைப் பார்த்தேன், ரெண்டு பேரு மனசுலயும் வந்தது நோன்புக் கஞ்சி. ருசி வேறதான், ஆனா வயித்துக்குள்ள எறங்குற அந்தச் சூடு அதேதான்.

நவம்பர் 14, வியாழன்

கரவிய்யீன் பள்ளிவாசல். ஃபெஸ் வர்ற எல்லாரும் பார்க்குற இடம், அதுக்குள்ள போய்ப் பார்க்குறது முஸ்லிம்களுக்கு மட்டும்தான், மத்தவங்க வாசல்ல நின்னு எட்டிப் பார்த்துக்கலாம். சந்துல நடக்குறதே ஒரு வித்தை, பின்னாடி "பாலக்! பாலக்!"னு சத்தம் வந்தா யோசிக்காம சுவரோட ஒட்டிக்கணும், இல்லன்னா கழுதை முதுகுல இருக்குற தோல் மூட்டை நம்ம தோள்ல இடிச்சுட்டுப் போகும். எனக்கு ரெண்டு தடவை இடிச்சுது.

வாசல்ல நின்ன காவலாளி எங்களைக் கைகாட்டி நிறுத்திட்டாரு. மூஞ்சியைப் பார்த்து "ஹிந்த்?"னாரு, ஆமான்னோம், சந்தேகம் தீரலை. லாத்தா சட்டுனு குர்ஆனோட மொத அத்தியாயம் ஃபாத்திஹாவை ஓத ஆரம்பிச்சாங்க, மூணாவது ஆயத்துலயே அவரு முகம் மலர்ந்து நெஞ்சுல கையை வச்சு வழி விட்டாரு. லுஹர் அங்கதான் தொழுதோம், பெண்களுக்குப் பின்பக்கமா தனி இடம்.

இந்தப் பள்ளியைக் கட்டுனது ஒரு பொண்ணுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. ஃபாத்திமா அல்ஃபிஹ்ரி, துனிசியாவுல இருக்குற கைரவான் ஊர்ல இருந்து குடிவந்த வியாபாரி மக. வாப்பா மவுத்தானதும் வந்த சொத்துல 859-ல இதை ஆரம்பிச்சாங்க, வேலை முடியுற வரைக்கும் நோன்பு புடிச்சாங்கன்னு சொல்லுவாங்க. அவங்களுக்கு ஒரு தங்கச்சி, மர்யம். அவங்க பங்குக்கு ஆத்துக்கு அந்தக் கரையில இன்னொரு பள்ளி கட்டுனாங்க, அல்அந்தலுஸ் பள்ளி. அக்கா பேரு உலகம் முழுக்கப் போச்சு, கரவிய்யீனை உலகத்துலயே பழைய பல்கலைக்கழகம்னு எழுதுறாங்க, அதோட நூலகத்தை இதே ஃபெஸ்ல பொறந்த அஸீஸா ஷவ்னிங்கிற கட்டடக் கலைஞர் புதுப்பிச்சு 2016-ல முடிச்சுக் குடுத்தாங்க, அவங்களும் ஒரு பொண்ணு. தங்கச்சி கட்டுனதுக்கு டூரிஸ்ட் கூட்டமே இல்ல, அது இன்னமும் ஒரு தெருப் பள்ளியா இருக்கு.

இன்னொரு விஷயத்தையும் மறைக்காம சொல்லிடணும். இந்த ரெண்டு அக்கா தங்கச்சி கதையை விவரமா எழுதி வச்சது 14-ம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் இப்னு அபீ ஸர்உ, அதாவது சம்பவம் நடந்து நானூறு வருஷத்துக்கு மேல கழிச்சு. கரவிய்யீன்ல சுதைக்கு அடியில கிடைச்ச ஒரு மரப்பலகை எழுத்துல 877-ம் வருஷமும் இத்ரீஸ் வம்சத்து தாவூத் பேரும் இருக்கு. அதனால ஃபாத்திமா, மர்யம்னு யாரும் இருந்தாங்களான்னே கேக்குற அறிஞர்கள் உண்டு. நான் அதைப் படிச்சுட்டுத்தான் போனேன். எனக்கு என்ன தோணுதுன்னா, ராஜா பேரு பலகையில ஏறும், பொண்ணு பேரு சனங்க வாயில நிக்கும், இத்தனை நூறு வருஷமா ஒரு ஊரே தன் பெரிய பள்ளிகள் ரெண்டையும் பொண்ணுங்க கட்டுனதுன்னு சொல்லிட்டு வருதே, அப்படிச் சொல்றதுல அந்த ஊருக்கு ஒரு பெருமை இருந்தாத்தானே சொல்லும்.

மதியம் பிஸாரா. காஞ்ச மொச்சை மாதிரி ஒரு பயறை வேகவச்சு மசிச்சு, மேல ஆலிவ் எண்ணெய், சீரகத்தூள், மொளகாத்தூள், ரொட்டியோட 10 திர்ஹம். அதுக்கப்புறம் ஒரு பையன் வந்து "அந்தப் பக்கம் ரோடு மூடியிருக்கு, நான் வழி காட்டுறேன்"னு கூட்டிட்டுப் போய் சுத்து சுத்துனு சுத்தி தோல் பதனிடுற எடத்து மாடியில நிறுத்தி 100 திர்ஹம் வாங்கிட்டான். ரோடு எதுவும் மூடலை. அங்க மூக்குல வச்சுக்கச் சொல்லி கையில ஒரு கொத்து புதினா குடுத்தாங்க, கீழ கல்தொட்டிகள்ல மனுஷங்க தொடை ஆழத்துக்கு நின்னு தோலை மிதிக்கிறாங்க, அந்தக் குளிர்ல. 100 திர்ஹம் போனதை அதோட மறந்துட்டேன்.

திரும்புறப்ப பூ இனானிய்யா மதரஸா. அதைக் கட்டுன சுல்தான் அபூ இனான்தான் இப்னு பதூதாவைக் கூப்பிட்டு, நீ சுத்துன ஊர்க்கதையெல்லாம் சொல்லு, எழுதி வைக்கிறோம்னு சொன்னவரு. எழுத்து வேலை 1355-ல முடிஞ்சுது. மதுரையில அப்போ சுல்தான்கள் ஆண்ட காலம், இப்னு பதூதா அங்கயும் இருந்துட்டுப் போனவரு, அங்க கொள்ளைநோய்ல சனங்க செத்ததையும் சொல்லிருக்காரு. நம்ம மதுரைச் சேதி இந்தக் குளிர் ஊர்ல எழுத்தாச்சுன்னு நெனச்சப்ப கொஞ்ச நேரம் அந்த முத்தத்தை விட்டு நகர மனசில்ல.

நவம்பர் 15, வெள்ளி

நான் இத்தனை தூரம் வந்தது இந்த நாளுக்குத்தான்.

எங்க தெருப் பள்ளிவாசலை நான் உள்ள போய்ப் பார்த்ததில்ல. எங்க உம்மாவும் பார்த்ததில்ல. அஞ்சு வேளை பாங்கு சத்தத்துலதான் எங்க வீட்டுல அடுப்பு பத்தும், பால் காயும், ஆனா அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு ஆம்பளைங்க சொல்லித்தான் தெரியும். எங்க உம்மம்மா, உம்மாவைப் பெத்தவங்க, அவங்க காலத்துல அந்தப் பள்ளியோட ஹவுளை, அதான் தொழுகைக்கு முன்னாடி கை கால் கழுவுற தண்ணித் தொட்டியை, இடிச்சுக் கட்டுறதுக்கு வசூல் வந்தப்ப கையில கெடந்த ரெண்டு வளையலைக் கழட்டிக் குடுத்தாங்களாம். அந்த ஹவுளை அவங்க கண்ணால பார்க்கலை. காக்கா, எங்க அண்ணன், வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போயிட்டு வந்தா கேப்பாங்க, "தண்ணி எதுவரைக்கும் கெடக்குடா? மீன் விட்டுருக்காங்களா? பெருசாயிடுச்சா?" காக்கா ரெண்டு கையையும் அகட்டிக் காட்டுவான். அதைப் பார்த்துட்டுப் போய்ச் சேர்ந்துட்டாங்க. அதனால தன் காசுல பள்ளி கட்டுன ஒரு பொண்ணைப் பத்திப் படிச்ச அன்னிக்கே, அதுலயும் பேரு பெருசா வெளிய வராத தங்கச்சி கட்டுன அந்தத் தெருப் பள்ளியைப் பத்திப் படிச்ச அன்னிக்கே, அங்க போயே தீரணும்னு மனசுல விழுந்துருச்சு.

வெள்ளிக்கிழமை கடையெல்லாம் அடைப்பு, சந்தெல்லாம் காலி, பூனைங்க மட்டும் படுத்திருக்கு. பூ க்ரரேப்ங்கிற ஆறுதான் ஊரை ரெண்டாப் பிரிக்குது, பாதி தூரம் மேல சிமெண்ட் போட்டு மூடிட்டாங்க. ஒரு பாலத்துக்கு "பைனல் முதுன்"னு பேரு, ஊர்களுக்கு நடுவுலன்னு அர்த்தம், ஏன்னா ஒரு காலத்துல இது ரெண்டு தனித்தனி ஊரு. 818-ல ஸ்பெயினோட குர்துபாவுல சனங்க அமீர் அல்ஹகமை எதுத்துக் கிளம்புனாங்க, அவரு அந்தப் பேட்டையையே தரைமட்டமாக்கி ஆளுங்களைத் துரத்திட்டாரு, அதுல ஒரு கூட்டம் வந்து குடியேறுன கரை இது. முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினுக்கு அந்தலுஸ்னு பேரு, அதனால அந்தலுஸ்காரங்க கரைன்னு பேராச்சு. எதுத்த கரையில கைரவான்காரங்க. ரெண்டுக்கும் தனித்தனி மதில்.

பாலம் தாண்டுனா மேடுதான். லாத்தாவுக்கு முட்டி வலி, பத்து அடிக்கு ஒரு தடவை சுவரைப் புடிச்சுக்கிட்டாங்க. மேப்பு அந்தச் சந்துல வேலை செய்யலை, ஒரு சின்னப் பொண்ணு தலையில ரொட்டிப் பலகையோட போச்சு, "ஜாமிஉல் அந்தலுஸ்?"னு கேட்டதும் பலகையைக் கீழ வைக்காமலே திரும்பி எங்களுக்கு முன்னாடி நடந்து வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டுச்சு. காசு குடுத்தா வாங்கலை. நேத்து 100 திர்ஹம் வாங்குன பையனும் இதே ஊருதான்.

அந்த வாசலைப் பத்தி என்ன சொல்ல. வீடுகளுக்கு நடுவுல நெருக்கிக்கிட்டு இருக்குற சந்து திடீர்னு தெறக்குது, படிக்கட்டு ஏறுது, மேல குதிரை லாடம் மாதிரி வளைஞ்ச உசரமான வாசல், சுத்தி பச்சையும் நீலமுமா ஒவ்வொண்ணும் நகத்தளவு வெட்டிப் பதிச்ச ஓட்டுச் சில்லுங்க, அதுக்கு மேல செதுக்குன தேவதாரு மரக் கூரை முன்னாடி நீட்டிக்கிட்டு நிக்குது, மழையில நனைஞ்சு அந்த மரம் கருப்பா இருந்துச்சு, கிட்ட போனா வாசனை வருது. இந்த வாசல் மர்யம் வச்சதில்ல. அவங்க கட்டுனது சின்னது, நடுமுத்தத்துல ஒரு வால்நட் மரமும் இன்னும் சில மரங்களும் நின்னுச்சாம், மஸ்மூதாங்கிற கால்வாய்ல இருந்து தண்ணி வந்துச்சாம். அக்கம்பக்கத்து அந்தலுஸ்காரங்களும் கூடச் சேர்ந்து காசு போட்டாங்க, அதனாலதான் பள்ளிக்கு அவங்க பேரு நின்னுது. மொத எழுபது வருஷத்துக்கு மேல இது ஜும்ஆ இல்லாத பள்ளி, 933 வாக்குலதான் இந்தக் கரையோட பழைய பள்ளியில இருந்து குத்பா, அதான் ஜும்ஆப் பிரசங்கம், இங்க மாறுச்சு. ஜும்ஆப் பள்ளிக்கும் ஐவேளைப் பள்ளிக்கும் இருக்குற வித்தியாசம் நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்லணுமா என்ன, ஒரு மஹல்லாவுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்.

மினாரா 956-ல வந்தது. சதுரமா, ஆடம்பரம் இல்லாம, உச்சியில ஒரு குட்டிக் குவிமாடம், அவ்வளவுதான். அதைக் கட்ட வச்சது குர்துபாவோட கலீஃபா மூணாம் அப்துர் ரஹ்மான், இந்தக் கரை சனங்களைத் துரத்துன அதே அல்ஹகமோட வம்சத்துல வந்தவரு. முன்னோரு ஒருத்தர் ஊரை விட்டு ஓட்டுன சனத்தோட பிள்ளைங்களுக்கு 138 வருஷம் கழிச்சு ஒரு மினாரா. அவருக்கு அதுல அரசியல் இருந்துச்சு, ஃபாத்திமி கலீஃபாக்களுக்கும் இவங்களுக்கும் இந்த ஊருக்காக இழுபறி நடந்த காலம் அது. ஆனா கீழ நின்னு மேல பார்த்த அந்தக் கெழவன் கெழவிங்க மனசுல என்ன ஓடிருக்கும்னு நான் படியில நின்னு யோசிச்சேன், துரத்துன வூட்டுல இருந்து வந்த கல்லைப் பார்த்து அழுதிருப்பாங்களா, முகத்தைத் திருப்பிருப்பாங்களா.

இமாம் ஏறி நின்னு குத்பா ஓதுற மேடை மிம்பர், அதோட கதையும் அப்படித்தான். 980-ல ஃபாத்திமிகளோட ஆளா ஊரைப் புடிச்ச ஸீரி தளபதி புலுக்கீன் ஒரு மிம்பர் செஞ்சு வச்சாரு, அஞ்சாறு வருஷத்துல குர்துபாப் படை வந்து அதையே மாத்தி வேலைப்பாடு செஞ்சு தங்களோட பேரைப் போட்டுக்கிச்சு. இப்போ அது பத்ஹா மியூசியத்து சொத்து, எங்களுக்குப் போக நாள் இல்ல, அது ஒரு குறைதான். அப்புறம் 1203-ல இருந்து 1207 வரைக்கும் முவஹ்ஹித் கலீஃபா முஹம்மது அந்நாஸிர் மினாராவையும் மிம்பரையும் விட்டுட்டு பள்ளியை முழுசாத் திருப்பிக் கட்டுனாரு. அந்தப் பெரிய வாசல் அப்போ வந்ததுதான்.

பெண்கள் பகுதிக்குள்ள நுழைஞ்சதும் ஒரு பாட்டியம்மா என் கையைப் புடிச்சு இழுத்து தன் பக்கத்துல உக்கார வச்சாங்க. இங்க மரியாதையான பொம்பளையை "லல்லா"ன்னு கூப்பிடுறாங்க. நான் "லாத்தா, இங்க வாங்க"ன்னு கூப்பிட்டது அவங்க காதுல "லல்லா"ன்னு விழுந்திருக்கு, ரொம்ப சந்தோஷமாகி அவங்களும் எங்க அக்காவை லாத்தா லாத்தான்னே கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. குத்பா ஒண்ணும் புரியலை. தொழுகையில தக்பீர் கட்டுனதும் பக்கத்துல பார்த்தா பாட்டியம்மா கையைக் கட்டாம ரெண்டு பக்கமும் தொங்க விட்டு நிக்கிறாங்க, இங்க மாலிகி மத்ஹபு, நாங்க ஷாஃபி, தொழுகை முறையில கொஞ்சம் வித்தியாசம். என் கை நெஞ்சுக்குக் கீழ, அவங்க கை தொடைக்குப் பக்கத்துல, தோளு ரெண்டும் ஒட்டி இருந்துச்சு. சூரா முடிஞ்சு ருகூஉக்குக் குனியுறதுக்குள்ள எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு, துடைக்க முடியலை, அப்படியே விட்டுட்டேன்.

ஆம்பளைங்க கலைஞ்சதும் பாட்டியம்மா எங்களை நடுமுத்தத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. வால்நட் மரம் இல்ல. நடுவுல நீரூற்று, தண்ணி மேல வந்து விளிம்பு தாண்டி வழிஞ்சுக்கிட்டே இருக்கு. அந்தக் கல்லு விளிம்பு ஒரு எடத்துல மட்டும் உள்வாங்கித் தேஞ்சிருக்கு, உள்ளங்கையை வச்சா சரியா உக்காருது. தொழுகைக்குக் கழுவுன ஒளு இருந்தும் நான் முழங்கை வரைக்கும் நனைச்சேன். பல்லு கிட்டிருச்சு, அவ்வளவு குளிரு. லாத்தா ஒண்ணும் சொல்லாம பக்கத்துல நின்னாங்க, அவங்களுக்கும் உம்மம்மா ஞாபகம்தான், கேக்காமலே தெரிஞ்சுது.

வெளிய வந்தா வாசப்படி ஓரத்துல பெரிய மண்தட்டுல கஸ்கஸ், ஏழை எளியதுக்குன்னு யாரோ வீட்டுல இருந்து அனுப்பிருக்காங்க, இங்க வெள்ளிக்கிழமைன்னா வீட்டுக்கு வீடு கஸ்கஸ்தானாம். பாட்டியம்மா எங்களை விடலை. மூணு சந்து தள்ளி அவங்க வீடு, மருமக வட்டமான தட்டைக் கொண்டுவந்து நடுவுல வச்சாங்க, மேல ஏழு வகைக் காய், அடியில ஆட்டுக்கறி. நம்ம களரி விருந்துல சஹன் தட்டுல நாலு பேரு சேர்ந்து உண்ணுற மாதிரியே எல்லாரும் ஒரே தட்டுல. கறி இருந்த பக்கத்தை யாரும் தொடலை, பாட்டியம்மா விரலாலயே பிச்சுப் பிச்சு எங்க பக்கம் தள்ளிக்கிட்டே இருந்தாங்க. மச்சானோட துபாய் அரபு அவங்களுக்குப் பாதிதான் புரிஞ்சுது. உம்மம்மா வளையல் கதையை மச்சானை விட்டுச் சொல்லச் சொன்னேன். கேட்டுட்டு பாட்டியம்மா ஒரே வார்த்தைதான் சொன்னாங்க, "மக்பூல்". ஏத்துக்கப்பட்டுருச்சுன்னு.

நவம்பர் 16, சனி

காலையில மழை விட்டு வெயில். ஸ்ஃபஞ் சாப்பிட்டோம், பார்க்க உளுந்து வடை, ருசி உப்பு போடாத போண்டா, ஒண்ணோட விலை 2 திர்ஹம். நாலு வாங்குனா ஒரு ஓலைக்கீத்துல கோத்துக் குடுக்குறாங்க. டீயில குளிர்காலம்னா புதினாவோட ஷீபான்னு ஒரு சாம்பல் பச்சை இலையும் போடுறாங்க, கசக்கும், ஆனா நெஞ்சுச் சளிக்கு நல்லா இருந்துச்சு.

திரும்பவும் அந்தக் கரைக்குத்தான் போனேன். லாத்தா வரலை, முட்டி வீங்கிருச்சு. பள்ளிக்குப் பக்கத்துலயே ஸஹ்ரீஜ் மதரஸா, 1321-ல ஆரம்பிச்சு 1323-ல முடிச்சது, நடுவுல நீளமா ஒரு தடாகம், அதனாலதான் அந்தப் பேரு. நுழைவு 20 திர்ஹம். கட்டுனது மரீனி இளவரசர் அபுல் ஹஸன், பின்னாடி சுல்தானானவரு, பூ இனானிய்யா கட்டுன அபூ இனானோட வாப்பா. அதை ஒட்டி இன்னொரு சின்ன மதரஸா, குர்ஆனோட ஏழு கிராஅத்தும், அதான் ஓதுற முறை ஏழும், அங்க சொல்லிக் குடுத்ததால ஸபாயிய்யீன்னு பேராம். பள்ளியைச் சுத்தி மதரஸா, குளியல் ஹம்மாம், தண்ணிக் குழாய், ரொட்டி அடுப்பு, இவ்வளவும் ஒரு கூப்பிடு தூரத்துல இருந்தாத்தான் அது இங்க ஒரு மஹல்லா. அடுப்பை ஃபர்ரான்னு சொல்றாங்க. நேத்து பார்த்த பொண்ணு மாதிரி பிள்ளைங்க வீட்டு மாவைப் பலகையில கொண்டுவந்து வைக்குதுங்க, அடுப்புக்காரர் நீளக் கரண்டியால உள்ள தள்ளுறாரு, பேரும் எழுதலை, சீட்டும் இல்ல, அத்தனை வீட்டு ரொட்டியும் ஒண்ணு போலத்தான் இருக்கு, யாரோடது எதுன்னு அவருக்கு எப்படியோ தெரியுது. ஒரு பலகை ரொட்டிக்கு 2 திர்ஹம்.

மச்சான் ஃபுதூஹ் வாசலைப் பார்க்கணும்னாங்க, அது வரைக்கும் நடந்தோம். 11-ம் நூற்றாண்டுல ஸனாத்தா குலத்து அண்ணன் தம்பி ரெண்டு பேரு ஆளுக்கொரு கரையை ஆண்டு அடிச்சுக்கிட்டாங்க, இந்தக் கரையில ஃபுதூஹ், அந்தக் கரையில அஜீஸா. கடைசியில ஃபுதூஹ் அஜீஸாவைக் கொன்னுட்டாரு. இப்பவும் ஊருக்கு இந்தக் கோடியில ஃபுதூஹ் வாசல், அந்தக் கோடியில அஜீஸா பேருல கீஸா வாசல். பின்னாடி முராபித் சுல்தான் யூசுஃப் இப்னு தாஷ்ஃபீன் வந்துதான் நடுமதிலை இடிச்சு ரெண்டையும் ஒரே ஊராக்குனாரு. ஒரே ஊர்ல அக்கா தங்கச்சி ஆளுக்கொரு கரையில பள்ளி கட்டுன கதையும், கூடப் பொறந்தவங்க ஆளுக்கொரு வாசல் கட்டி வெட்டிக்கிட்ட கதையும் இருக்கு.

மஃரிபுக்கு தங்கச்சி பள்ளியிலேயே இருந்தேன். இமாம் சத்தமா ஓதுறப்பதான் கவனிச்சேன், பிஸ்மில்லா சத்தமா வரலை, நேரா அல்ஹம்துலயே ஆரம்பம், அடுத்து "மாலிகி யவ்மித்தீன்"னு நாம நீட்டுற எடத்துல அவரு "மலிகி"ன்னு குறுக்கி ஓதுனாரு. தப்பா ஓதிட்டாரோன்னு ஒரு நொடி திக்குனு ஆச்சு. இங்க வர்ஷ் ஓதல், நம்ம பக்கம் ஹஃப்ஸ். சின்ன வயசுல அந்த "மா"வை ஒழுங்கா நீட்டலைன்னு ஓதக் குடுத்த உஸ்தாத்கிட்ட நான் குச்சியால அடி வாங்கிருக்கேன். தொழுகை முடிஞ்சதும் ஆம்பளைங்க வட்டமா உக்காந்து ஒரே குரல்ல குர்ஆன் ஓத ஆரம்பிச்சாங்க, தினம் மஃரிபுக்கும் சுபுஹுக்கும் இது வழக்கமாம், ஒருத்தர் மூச்சு விடுற எடத்துல இன்னொருத்தர் தாங்கிப் புடிக்க, அறுந்து போகாம ஓடுது. தடுப்புக்கு இந்தப் பக்கம் பாட்டியம்மா கண்ணை மூடி உதடு அசைச்சுக்கிட்டு இருந்தாங்க.

ராத்திரி லாத்தாவுக்கு வலியில தூக்கம் வரலை. அந்தக் கம்பளி குடுத்த பெரியவர் வெந்நீர் ஒத்தடத்துக்குத் தண்ணி காய்ச்சிக் குடுத்துட்டு ஒரு விஷயம் சொன்னாரு. இந்த ஊர்ல ஒரு பழைய வக்ஃப் இருந்துச்சாம், ராத்திரி முழுக்க முறை வச்சு மினாராவுல ஏறி பைத்து பாட ஆளுங்களுக்குச் சம்பளம், தூக்கம் வராத நோயாளிங்க தனியா இல்லைன்னு தெரியணும்ங்கிறதுக்காக. அவங்களுக்குப் பேரே "நோயாளிங்களோட துணை"ன்னுதான். லாத்தா கேட்டுட்டு போர்வையை இழுத்து மூடிக்கிட்டாங்க.

நவம்பர் 17, ஞாயிறு

பகல் ரயில். கிளம்புறதுக்கு முன்னாடி பாட்டியம்மா பேரனை அனுப்பி துணியில சுத்துன ரெண்டு ரொட்டி குடுத்து விட்டாங்க, சோம்பு போட்டது, சூடு ஆறலை. நாங்க எந்தத் தங்குற இடம்னு அவங்ககிட்ட சொன்ன ஞாபகமே எனக்கு இல்ல, எப்படியோ விசாரிச்சுக் கண்டுபுடிச்சிருக்காங்க. பெட்டிக்கு இந்தத் தடவை மச்சான் முன்னாடியே 50 குடுத்துட்டாங்க.

ரயில்ல சிக்னல் கிடைச்சதும் உம்மாவுக்கு போன் போட்டேன். எல்லாத்தையும் சொன்னேன், வாசல், படிக்கட்டு, கஸ்கஸ், பாட்டியம்மா தொங்கவிட்ட கை. உம்மா உம் கொட்டிக்கிட்டே வந்தாங்க, நடுமுத்தத்துத் தண்ணியில கை நனைச்சேன்னு சொன்னதும் உம் நின்னுருச்சு.

"உள்ள மீன் கெடந்துச்சாம்மா?"

"இல்ல உம்மா. அது தேங்குற தண்ணி இல்ல, ஓடிக்கிட்டே இருக்கு."

"ஓடுற தண்ணியா," அப்படின்னாங்க. பின்னாடி அங்க எங்க தெருப் பள்ளியில அஸர் பாங்கு கேட்டுச்சு, உம்மா போனை வச்சுட்டாங்க.